செங்கல் ஒத்தடம்

என் வலது கால் எப்படிப் போயிற்று என்பது சௌந்திரத்துக்குத் தெரியக் கூடாது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு மாரியாத்தாளிடம் நான் கேட்டது அது ஒன்றைத்தான். காலைத் திருப்பிக் கொடு என்று கேட்கவில்லை. வெட்டினதை ஒட்டவைக்க ஆத்தாளாலும் முடியாது என்கிற அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது. ஆனால் சௌந்திரம் என் பெண்டாட்டி. அவள் இன்னும் ரொம்ப காலம் இருக்க வேண்டியவள். இதைத் தெரிந்துகொண்டு அவள் எப்படிச் சோறு தின்பாள், எப்படித் தூங்குவாள்? அந்த யோசனைதான் என்னைத் தின்றது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் பேர் வேலுமணி. நாமகிரிப்பேட்டையை ஒட்டித் தோட்டத்துக்குள் வீடு. மீசை முளைத்த நாளிலிருந்து லாரி ஓட்டினவன். குஜராத், அஸ்ஸாம் என்று நான் போகாத ரோடு கிடையாது. சர்க்கரை வந்து, அது ஏறி, ஒரு தடவை ஓங்கோல் பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் இருட்டிக்கொண்டு வந்தது. அத்தோடு என் மகள் கிருத்திகா ஒரே பிடியாக நின்று என்னை வீட்டில் உட்காரவைத்துவிட்டாள். அவள் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த பிள்ளை. போனிலேயே மிரட்டுவாள்.

உள்ளூர் டாக்டர், தினமும் நடக்க வேண்டும், நடந்தால்தான் சர்க்கரை அடங்கும் என்றார். சரி, வண்டிதான் ஓட்டக் கூடாது, காலையாவது ஓட்டுவோம் என்று நானும் கிளம்பினேன். அவர் இன்னொன்றும் சொன்னார். சர்க்கரைக்காரர்களுக்கென்று மெத்தென்ற ரப்பர் செருப்பு இருக்கிறது, வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள் என்றார். நான் கேட்டேனா? பொம்பளைப் பிள்ளை மாதிரி கண்ணாடியில் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கச் சொல்கிறானே என்று வெளியே வந்து சிரித்தேன்.

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் பொழுது கிளம்பும்போதே வெயில் முகத்தில் அறையும். அதனால் இருட்டுப் பிரிவதற்குள் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்விடுவேன். அங்கே எங்களுக்கென்று ஒரு செட்டு. அத்தனை பேருக்கும் சர்க்கரை, இல்லாவிட்டால் பிரஷர், இல்லாவிட்டால் முட்டிவலி. நடப்பது பாதி, பேச்சு பாதி. எந்தக் கீரைக்கு எந்த வலி போயிற்று, எவன் எந்த எண்ணெயைத் தேய்த்து எழுந்து நடந்தான் என்பதுதான் பேச்சு. கேட்டுக்கு வெளியே ஒருவன் கொல்லிமலையிலிருந்து முடவாட்டுக்கால் கிழங்கு கொண்டுவந்து சூப்புப் போட்டு விற்பான். நடந்து முடித்தவுடன் ஆளுக்கொரு டம்ளர் வாங்கிக் குடித்தால், முட்டிக்குள் கிரீஸ் வைத்த மாதிரி இருக்கிறது என்று எல்லாரும் சத்தியம் பண்ணுவார்கள்.

மாசிக் கடைசியில் எனக்குக் குதிகால் வலி பிடித்தது. அதுவும் வலதுகால். காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால், அட அப்பா, ஆணி மேல் நின்ற மாதிரி உச்சந்தலை வரை இழுக்கும். நடந்து கொஞ்சம் சூடேறினால் விடும். உட்கார்ந்து எழுந்தால் மறுபடி பிடிக்கும். ஆனால் நடையை நிறுத்த எனக்கு மனசில்லை. ஒரு நாள் நின்றாலும் சர்க்கரை ஏறிவிடும் என்ற பயம் ஒரு பக்கம். இதுவும் போய்விட்டால் நான் எதற்கு ஆவேன் என்ற பயம் இன்னொரு பக்கம்.

வலி மாத்திரை வேண்டாம் என்று முதலிலேயே முடிவு பண்ணியாயிற்று. என்னோடு லாரி ஓட்டிய சென்றாயன், முதுகுவலிக்கு மருந்துக்கடையில் சொல்லி வாங்கி வாங்கி முழுங்கி, கிட்னி கெட்டுப்போய் வாரம் தவறாமல் சேலத்துக்கு ரத்தம் சுத்தம் பண்ணப் போய்க்கொண்டிருந்தான். அவனைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே சௌந்திரம் சொல்லிவிட்டாள்.

"இந்தக் கருமம் புடிச்ச மாத்தரையே நம்மூட்டுக்குள்ள வரக் கூடாதுங்க. என்ற கைவைத்தியத்துக்குக் கேக்காத வலி என்ன வலி?"

அவள் சும்மா சொல்லவில்லை. வேலியில் கிடந்த பிரண்டையை ஒடித்து வந்து துவையல் அரைத்தாள். முடக்கத்தான் தழையில் ரசம் வைத்தாள். நொச்சி இலையை வதக்கிக் கட்டினாள். வேப்பெண்ணெயைக் காய்ச்சி வலது குதிகாலில் ஊற்றி, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். லாரி ஓட்டின காலமெல்லாம் மாதத்தில் பாதி நாள் நான் வீட்டில் இருந்ததில்லை. இப்போதுதான் புருஷன் கையில் கிடைத்தான் என்பது மாதிரி, சாயங்காலம் ஆனால் என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். வலியே போகாவிட்டாலும் பரவாயில்லை என்றுகூட எனக்குத் தோன்றியது உண்டு.

எதற்கும் கேட்காமல் போகவேதான் செங்கல் வந்தது. இது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். செங்கல்லை அடுப்பில் சுடவைத்து, எடுத்துக் கீழே போட்டு, அதன்மேல் எருக்கு இலையைப் பரப்பி, குதிகாலை வைத்து வைத்து எடுக்க வேண்டும். இலையின் பால் சூட்டோடு சேர்ந்து உள்ளே இறங்கி வலியை உறிஞ்சிவிடும் என்பார்கள். சௌந்திரத்தின் அம்மாவுக்கு அப்படித்தான் போயிற்றாம்.

முதல் தடவை வைத்தபோது நான் கத்தின கத்தலில் மாட்டுக் கொட்டகையில் மாடே எழுந்து நின்றது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அஸ்ஸாம் வரைக்கும் லாரி ஓட்டுன ஆம்பள, ஒரு செங்கல்லுக்கு இந்தக் கூப்பாடு போடறீங்களே!"

அப்படி ஆரம்பித்தது. சாயங்காலம் தவறாமல் செங்கல். நாள் போகப் போகச் சூடு எனக்குப் பழகிவிட்டது. அப்படித்தான் நினைத்தோம். காலை வைத்தால் இதமாக இருக்கும், பிறகு அதுவும் இல்லை.

"ஏனுங்க மாமா, சூடு பத்துதுங்களா?"

"பத்தல. இன்னுங் கொஞ்சங் காட்டிக் கொண்டா."

எடுத்துக்கொண்டு போவாள். இன்னும் கொஞ்ச நேரம் அடுப்பில் வைப்பாள். பழைய துணியைச் சுற்றித் தூக்கி வருவாள். ஒரு நாள் துணி விலகி அவள் விரல் செங்கல்லில் பட்டு, இரண்டு விரல் நுனியும் கொப்பளித்துவிட்டது. அதே செங்கல்லின் மேல்தான் அடுத்த நிமிஷம் என் குதிகாலை வைத்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"என்ற கையி மெல்லுசு. உங்க காலு தோலு தடிப்புங்க" என்று சொல்லி விரலை ஊதிக்கொண்டாள்.

நானும் ஆமாம் என்றேன். அட, இரண்டு மண்டையில் ஒன்றிலாவது உறைத்திருக்கக் கூடாதா? இப்போது அந்தக் கொப்பளத்தை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

வலி போய்விட்டது. சுத்தமாகப் போய்விட்டது! காலையில் இறங்கி முதல் அடியை வைத்தேன், ஒன்றுமே இல்லை. கட்டிலைச் சுற்றி ஒரு சின்னப் பையன் மாதிரி நடந்து காட்டினேன். சௌந்திரம் ஆத்தா படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினாள். மைதானத்தில் நான்தான் அன்றைக்கு டாக்டர். மாத்திரையும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம், செங்கல்லும் எருக்கு இலையும் இருந்தால் போதும் என்று சூப்புக் கடைக்கு முன்னால் நின்று பிரசங்கம் செய்தேன். அப்படியே நடந்து போகும்போது தண்டாயுதபாணி பின்னாலிருந்து கூப்பிட்டான். ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போர்வெல் போட்டவன், என் பள்ளிக்கூடத்துச் சேக்காளி.

"டேய் வேலு, செருப்பக் கழட்டி எறிஞ்சுபோட்டு எங்கடா போற?"

திரும்பிப் பார்த்தால் என் வலதுகால் செருப்பு பத்தடி தள்ளிக் கிடந்தது. கழன்றதே எனக்குத் தெரியவில்லை. வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சித்திரையில் மாரியம்மன் நோம்பி. எங்கள் ஊரில் காப்புக் கட்டிவிட்டால் தீர்த்தம் எடுக்கிறவர்கள் செருப்புப் போட மாட்டார்கள். வேனில் காவேரிக்குப் போய்த் தண்ணீர் மொண்டு, ஊர் எல்லையில் இறங்கி, குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து கோயிலுக்கு வர வேண்டும். உச்சி வெயில். தார் ரோடு கொதிக்கிறது. சின்னப் பயல்களெல்லாம் குதித்துக் குதித்து ஓடுகிறார்கள், பொம்பளைகள் ரோட்டில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். தலையில் குடத்தோடு நான் மட்டும் ஆடாமல் அசையாமல் நடந்தேன். ஆத்தா இறங்கியிருக்கிறாள், பார் அந்த முகத்தை என்று ஜனம் கும்பிட்டது. சௌந்திரம் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்குச் சாயங்காலமும் செங்கல் வைத்தாள். வலி திரும்பி வந்துவிடக் கூடாது என்று.

அதற்குப் பிறகு ஒரு நாள் கூடத்தில் ஈரம் ஈரமாக ஒற்றைக்கால் தடம் கிடந்தது. யார் தண்ணீரை மிதித்தது என்று திட்டிக்கொண்டே துடைக்கப் போனவள், குனிந்தவள் நிமிரவில்லை. துணியை மோந்து பார்த்தாள். என் காலைப் பிடித்துத் திருப்பினாள். குதிகாலில் தோல் கழன்று, உள்ளே கறுத்து, ஓரமெல்லாம் சீழ் கட்டியிருந்தது. செங்கல் மேல் வைத்து எடுத்த காலை ஒருவரும் திருப்பிப் பார்த்ததில்லை. எவ்வளவு நாளாக அது அப்படி இருந்ததோ, யார் கண்டது? நான் அதோடு காலையும் மாலையும் நடந்துகொண்டிருந்தேன், உடம்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று.

சேலத்துக்குக் காரில் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் தலை நரைத்த ஒரு கால் டாக்டர். ரத்தப் பரிசோதனைக்குப் பில் கட்டச் சொல்லிச் சௌந்திரத்தைக் கீழே அனுப்பினார்கள். அவள் போன பிறகு டாக்டர் தூண்டிலில் கட்டுகிற நைலான் நரம்பு மாதிரி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"கண்ண மூடிக்குங்க. உங்க பாதத்துல நான் தொடறப்பெல்லாம் சொல்லுங்க" என்றார்.

மூடினேன். காத்திருந்தேன். மின்விசிறிச் சத்தம் கேட்டது.

"ஆரம்பிங்க சார்" என்றேன்.

"முடிஞ்சிருச்சு" என்றார்.

அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "எதுல சூடு வெச்சீங்க?"

நான் தார் ரோடு, தீர்த்தக்குடம் என்று இழுத்தேன். அவர் கையை நீட்டி நிறுத்தினார்.

"ரோட்டுச் சூடுன்னா பாதம் முழுக்க இருக்கும். ரெண்டு கால்லயும் இருக்கும். இது குதிகால் மட்டும். அதுலயும் ஓரம் கோடு கிழிச்ச மாதிரி நேரா இருக்கு. என்ன, செங்கல்லா?"

நான் தலையை ஆட்டினேன்.

அவர் திட்டாமல்தான் சொன்னார். சர்க்கரை என் கால் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடித்துக்கொண்டிருந்ததாம். வலி போனது குணமானதால் இல்லையாம், சேதி சொல்ல நரம்பு இல்லாததாலாம். எனக்கு அது உடனே புரிந்தது. சூடு காட்டுகிற மீட்டருக்குப் போகிற ஒயர் அறுந்த வண்டி. முள் கீழேயே கிடக்கும், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும். எத்தனை கிளீனர்களுக்கு நான் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்!

"யார் வெச்சு விட்டது?" என்றார்.

நான் கதவைப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்துவிட்டது.

"அவகிட்டச் சொல்லிராதீங்க சார்."

"எலும்பு வரைக்கும் போயிருக்கு. காலை நான் காப்பாத்த முடியாது, அதைக் கேளுங்க முதல்ல. முட்டிக்குக் கீழ எடுக்கணும்."

"செரிங்க. அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

அவர், நான் சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் சொல்லியாக வேண்டும், உங்கள் ஊரில் இன்னும் எத்தனை பேர் செங்கல் வைத்துக்கொண்டிருக்கிறார்களோ என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தையை நான் காதில் வாங்கினேன், மனசில் வாங்கவில்லை.

சௌந்திரம் பில்லோடு ஓடி வந்தாள். "ஏனுங்க, டாக்டரு என்ன சொன்னாரு? எதுனால இப்பிடி?"

"தீர்த்தக்குடம் எடுத்தப்ப ரோட்டுச் சூடு" என்றேன். "செருப்பில்லாம நடந்தனல்ல. அதான்."

காலை எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் பட்டதைச் சொல்லி முடியாது. சக்கர நாற்காலி ஒன்று வந்தது, அது எங்கள் வாசற்படியைத் தாண்டாது. நடப்பதற்கு ஒரு ஸ்டாண்டு கொடுத்தார்கள், அதைப் பிடித்துக்கொண்டு கக்கூஸுக்குப் போய் வருவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். வெயில் கொளுத்துகிறது. மைதானத்துச் செட்டு ஒரு தடவை மொத்தமாக வந்து ஆப்பிள் கொடுத்துவிட்டுப் போனது, பிறகு வரவில்லை. நானாக இருந்தாலும் வந்திருக்க மாட்டேன். கடைசி நாளிலெல்லாம் ஊமையாகக் கிடந்த குதிகால், இல்லாமல் போன பிறகு வலித்தது. ராத்திரி பகல் என்றில்லாமல் அதே ஆணிக் குத்தல். வெறும் போர்வையைத் தடவிப் பார்த்துக்கொண்டு நான் பல்லைக் கடிப்பேன். செத்துப்போயிருந்தால் தேவலாம் என்று தினமும் நினைத்தேன். பொய் சொல்லவில்லை.

அவள்தான் என்னைத் தூக்கினாள், குளிப்பாட்டினாள், சாயங்காலம் கட்டுப் பிரித்து, வெந்நீரில் துடைத்து, மருந்து போட்டுக் கட்டினாள். ஆனால் ஆத்தாளை மட்டும் அவள் மன்னிக்கவில்லை. சாமி படத்தைச் சுவரிலிருந்து கழற்றி மேலே அட்டாலிப் பரணில், பழைய தகர டப்பாக்களுக்குப் பின்னால் போட்டுவிட்டாள்.

"விரதம் இருந்து, வெறுங்கால்ல உனக்குத் தண்ணி சொமந்துட்டு வந்த மனுசன். அவரு கால எடுத்துட்டயே, நீயெல்லாம் ஒரு சாமியா!" என்று ஒரு நாள் அட்டாலியைப் பார்த்துக் கத்தினாள். ஆயுசுக்கும் செவ்வாய் வெள்ளி தவறாமல் விளக்கு வைத்தவள். நான் சொன்ன ஒரு பொய் அவளுக்கு இருந்த ஒரே துணையையும் பிடுங்கிக்கொண்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. சாமி தாங்கிக்கொள்ளும், இவள் தாங்க மாட்டாள் என்று இருந்துவிட்டேன்.

ஆனி மாசம் ஒரு மத்தியானம் பெருமாயக்கா வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரி. அறுபது தாண்டியவள், தனிக்கட்டை, காட்டில் வெறுங்காலோடுதான் திரிவாள். நான் வாங்குகிற அதே ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவளும் சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிறாள். ஒரு கூடை முருங்கைக்காயை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"வேலுத் தம்பி, உங்கூட்டுக்காரி கையி ராசியான கையி சாமி. எனக்குப் பங்குனியில இருந்து இந்தக் குதிகாலு குத்தி எடுத்துதல்ல? சௌந்திரந்தான் செங்கல்லு வெக்கச் சொன்னா. மொதல்ல வெச்சப்ப உசுரே போயிரும். இப்பப் பாத்தீனா, சூடே தெரியறதில்ல. குத்தலும் போன எடந் தெரியல!"

சௌந்திரம் முருங்கைக்காயை எடுத்துக்கொண்டே சந்தோஷமாகச் சிரித்தாள். என் கால் போனதற்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அக்கா, அத உட்ரு. இனிமே வெக்காத" என்றேன்.

"ஏந் தம்பி?"

"சக்கரக்காரங்க சூடு வெக்கக் கூடாது. அவ்வளவுதான். உட்ருன்னா உட்ரு."

சௌந்திரத்துக்குக் கோபம் வந்தது. "ஏனுங்க இப்பிடிச் சொல்றீங்க? உங்களுக்கு வலி போனதே அதுலதான? ரோட்டுச் சூட்டுல வந்த வெனைக்குச் செங்கல்லு என்னங்க பண்ணும்? வயசான மனுசி, நிம்மதியா நடந்துட்டுப் போவுது."

"டாக்டர் சொன்னாருன்னு சொல்றனல்ல!"

"எந்த டாக்டரு?"

"சேலத்துல."

"எப்பச் சொன்னாரு? நாந்தான உங்க கூடவே இருந்தேன்?"

நான் சுவரைப் பார்த்தேன். இல்லை, உள்ளூர் டாக்டர் என்று மாற்றிச் சொல்லியிருக்கலாம். கோபித்துக்கொண்டு இருவரையும் வெளியே துரத்தியிருக்கலாம். பெருமாயக்காவைத் தனியாகக் கூப்பிட்டுப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். ஆனால் அவள் நீட்டியிருந்த கால் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. குதிகாலில் புழுதியோடு புழுதியாக ஒரு கொப்பளம், தண்ணீர் கோத்துப் பளபளத்தது. அந்த அம்மாளுக்கு அது இருப்பதே தெரியாது.

"அக்கா, உன்ற குதிகால்ல என்ன அது?" என்றேன்.

அவள் காலை மடக்கித் திருப்பிப் பார்த்தாள். "அட, இது எப்பக் கொப்பளிச்சுது?" என்று விரலால் குத்தினாள். முகம் சுளிக்கவில்லை.

சௌந்திரம் குனிந்து பார்த்தாள். கொப்பளத்தின் ஓரம் நேராக இருந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீ பில்லுக் கட்டக் கீழ போயிருந்த" என்றேன். "அப்பச் சொன்னாரு."

அவள் ரொம்பச் சின்னக் குரலில், தனக்குத்தானே கணக்குப் போடுகிற மாதிரிச் சொன்னாள்.

"ரெண்டு காலுந்தான ரோட்டுல வெச்சு நடந்தீங்க? எடது காலு நல்லாத்தான இருந்துது? நான் அன்னைக்கே நெனச்சனுங்க. நெனச்சுப்போட்டு உட்டுட்டேன்."

"சௌந்திரம்..."

"நீங்க பத்தல பத்தலன்னீங்க. நான் இன்னும் இன்னும் காட்டுனேன்."

"எனக்குத்தான் தெரியல புள்ள. தெரிஞ்சிருந்தாச் சொல்லியிருக்க மாட்டனா? உன்ற மேல என்ன தப்பு?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் பிழைத்திருப்பேன். முருங்கைக்காயைக் கூடையிலேயே திரும்பப் போட்டாள். ஆட்டோவுக்குப் போன் பண்ணினாள். "அக்கா, கெளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போறம். செருப்பு இல்லீனா என்றதப் போட்டுக்க" என்றாள். பெருமாயக்கா ஒன்றும் புரியாமல் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே போனாள். கட்டிலில் கிடந்தபடி எனக்குக் கையும் ஓடவில்லை, எழுந்து பின்னால் போகக் காலும் இல்லை.

பொழுது சாயத்தான் திரும்பி வந்தாள்.

"அக்கா காலு பொழச்சுக்குமாம். மேல் தோலோட நின்னிருக்குதாம்" என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ஒரு கால் தப்பித்தது. அந்தச் சமயத்தில் எனக்கு அது சந்தோஷமாகக்கூட இல்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போனாள். பிறகு வழக்கம்போல வெந்நீர், பஞ்சு, மருந்து, துவைத்த துணி எல்லாம் எடுத்துக்கொண்டு வந்து கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தாள். வெட்டினது போக மிச்சமிருந்த வலது காலை நீட்டினேன். கட்டைப் பிரித்தாள். பஞ்சை நனைத்துப் பிழிந்தாள். கை பாதியில் நின்றுவிட்டது.

தண்ணீரில் விரலை விட்டுச் சூடு பார்த்தாள். எடுத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தாள். பச்சைத் தண்ணீர் கொண்டுவந்து கலந்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"சூடா இருக்குமுங்களா?" என்றாள்.

"அதெல்லாம் இல்ல. தொடை."

"வலிக்குமுங்களா?"

அவளைத் தேற்ற வேண்டும், அவ்வளவுதான் என் நினைப்பு. ஏதாவது நல்ல வார்த்தையாகச் சொல்ல வேண்டும் என்று தவித்தேன்.

"நீ தொட்டு எனக்கு என்னைக்குப் புள்ள வலிச்சுது?" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. அவள் பஞ்சைக் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்தாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள்.

"கிருத்திகாவ வரச் சொல்லிப் போன் பண்ணுங்க" என்றாள். "இல்லீனா நர்ஸம்மா யாரையாவது வரச் சொல்லுங்க. இனி நான் உங்களத் தொட மாட்டனுங்க."

எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். நான் கூப்பிட்டேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன், திட்டிக் கூப்பிட்டேன், கெஞ்சியும் கூப்பிட்டேன். அவள் வரவில்லை. கிண்ணத்துத் தண்ணீர் ஆறியதும் நானே குனிந்து பஞ்சை எடுத்துத் துடைத்துக் கட்டிக்கொண்டேன்.